தலைமை நீதிபதிக்கு மனு எழுதினால் படகு திரும்புமா?

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. தங்கச்சிமடத்தில் உங்கள் மாமாவின் விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துக் கொண்டுபோய்ப் பல மாதம் ஆகிறது. ஆட்கள் வந்துவிட்டார்கள், படகு வரவில்லை. இங்கே ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில், அரசுக்கு உத்தரவு போடச் சொல்லிப் போட்ட ரிட் மனுவும் வாய்தா வாய்தாவாகப் போகிறது. ஊரில் பெரியவர்கள், "எல்லாரும் கையெழுத்துப் போட்டு டெல்லிக்கு, தலைமை நீதிபதிக்கே அனுப்பிவிடுவோம், அவர் நினைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும்" என்கிறார்கள். அது நடக்குமா என்று கேட்கிறீர்கள். படகைப் பற்றிய கேள்வி மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் கேள்வி வேறு. தலைமை நீதிபதி என்பவர் நாட்டில் உள்ள எல்லா நீதிபதிகளுக்கும் மேலதிகாரியா? அவர் சொன்னால் இன்னொரு நீதிபதி கேட்டே ஆகவேண்டுமா? அதற்கு முதலில் பதில் சொல்கிறேன், படகுக்கு அப்புறம் வருகிறேன்.

நான் ராமநாதபுரம் கோர்ட்டுகளிலும், 2004-இல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை வந்த பிறகு அங்கேயும் வக்கீலாக இருப்பவன். டெல்லியில் வழக்காடியவன் இல்லை. அதனால் உச்ச நீதிமன்றத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் அரசியல் சாசனத்தையும் தீர்ப்புகளையும் படித்துச் சொல்வது. மதுரையைப் பற்றிச் சொல்வது அனுபவத்தில் சொல்வது. இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்காதீர்கள்.

மேலதிகாரியா என்றால், இல்லை. இதில் சந்தேகமே கிடையாது. வழக்கு என்று வந்து உட்கார்ந்துவிட்டால் தலைமை நீதிபதிக்கும் ஒரே ஓட்டுதான். பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான பத்து சதவீத இட ஒதுக்கீட்டு வழக்கில் 2022 நவம்பர் 7 அன்று தீர்ப்பு வந்தது. வழக்கைச் சேர்ந்து கேட்ட அமர்வில் ஐந்து நீதிபதிகள். தலைமை தாங்கியவர் அன்றைய தலைமை நீதிபதி யு.யு.லலித். மூன்று பேர் சட்டத் திருத்தம் செல்லும் என்றார்கள், இரண்டு பேர் செல்லாது என்றார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் லலித்! தலைமை நீதிபதியே தோற்ற பக்கம், மறுநாள் அவர் ஓய்வும் பெற்றுவிட்டார். 2017-இல் முத்தலாக் வழக்கிலும் இதே கதை. தலைமை நீதிபதி கேஹர் சிறுபான்மையில் நின்றார், மற்ற மூன்று பேர் சொன்னதுதான் சட்டமானது. அரசியல் சாசனத்தின் 141-ஆவது பிரிவு, உச்ச நீதிமன்றம் சொல்லும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது. அந்தக் கோர்ட்டின் தலைமை நீதிபதி சொல்வது கட்டுப்படுத்தும் என்று அதில் எங்கேயும் இல்லை.

நம்ம ஊர்ப் பெயரிலேயே ஒரு வழக்கு உண்டு, சட்டக் கல்லூரியில் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சேதுபதி ஜமீனில் கணவரை இழந்த ராணி ஒருவர் தத்து எடுத்தது செல்லுமா என்ற தகராறு. சென்னை ஐகோர்ட் வரை போய், அங்கிருந்து கப்பலேறி, அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1868-இல் தீர்ப்பு. கணவன் அனுமதி கொடுக்காமல் இறந்திருந்தாலும், நம் பகுதி வழக்கப்படி கணவனின் பங்காளிகள் சம்மதித்தால் தத்து செல்லும் என்றார்கள். சட்ட நூலில் எழுதியிருப்பதைவிடத் தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் பெரியது என்று அதில் சொன்னதை ராமநாதபுரம் வழக்கு என்ற பெயரில் இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறோம். அந்தக் காலத்தில் சென்னையில் தலைமை நீதிபதியாக யார் இருந்தார் என்று கேட்டால் வக்கீல்களிலேயே பாதிப் பேர் முழிப்பார்கள். தீர்ப்புதான் நின்றது.

அடுத்தது, மதுரையில் உங்கள் வழக்கைக் கேட்கும் நீதிபதிக்கு டெல்லித் தலைமை நீதிபதி உத்தரவு போட முடியுமா என்பது. முடியாது. கலெக்டருக்குக் கீழே ஆர்டிஓ, அவருக்குக் கீழே தாசில்தார் என்று வருவாய்த் துறையில் இருக்கும் படிக்கட்டு இங்கே கிடையாது. ஐகோர்ட் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டில் மாற்றலாம். அதுவும் கோர்ட்டாக உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கேட்ட பிறகு. ஐகோர்ட் நீதிபதியைக் கூப்பிட்டு "இந்த வழக்கைச் சீக்கிரம் முடி" என்று சொல்லும் நிர்வாக அதிகாரம் அவருக்கு இல்லை. ராமநாதபுரம், பரமக்குடி, ராமேஸ்வரம் போன்ற ஊர்க் கோர்ட்டுகளை மேற்பார்வை செய்வதுகூட ஐகோர்ட்டின் வேலை, 235-ஆவது பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. தப்பு செய்த நீதிபதியை நீக்குவதும் அவர் கையில் இல்லை, அதை நாடாளுமன்றம்தான் செய்ய முடியும். புகார் வந்தால் உள்விசாரணைக்கு மூன்று நீதிபதிகளை நியமித்து, அறிக்கையைக் குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் அனுப்பலாம்.

அப்படியானால் தலைமை நீதிபதி பதவிக்கு ஏன் இவ்வளவு மவுசு? இங்கேதான் விஷயமே இருக்கிறது. எந்த வழக்கை எந்த நீதிபதிகள் கேட்பது, அமர்வில் எத்தனை பேர், எப்போது என்பதை முடிவு செய்பவர் அவர். வக்கீல்கள் இதை ரோஸ்டர் என்போம். நம் கடற்கரையில் விடியற்காலை டோக்கன் கொடுக்கும் மீன்துறை அதிகாரியை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு மீன் படும் என்பதில் அவருக்குச் சம்பந்தமே இல்லை, ஆனால் எந்தப் படகு எந்த நாள் கடலுக்குள் போகும் என்பது அவர் கையெழுத்தில் இருக்கிறது. தலைமை நீதிபதியின் பலமும் பெரும்பாலும் அங்கேதான்.

இந்த அதிகாரம் அரசியல் சாசனத்தில் நேரடியாக எழுதப்படவில்லை. வழக்கத்திலும் நீதிமன்ற விதிகளிலும் வளர்ந்து வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ராஜஸ்தான் ஐகோர்ட் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், பணிகளைப் பங்கிடும் அதிகாரம் அந்த ஐகோர்ட்டின் தலைமை நீதிபதி ஒருவருக்கே உண்டு, மற்ற நீதிபதி தானாக ஒரு வழக்கை எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. பிறகு 2018 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு மூத்த நீதிபதிகள், செலமேஸ்வர், ரஞ்சன் கோகோய், மதன் லோக்கூர், குரியன் ஜோசப், செலமேஸ்வரின் வீட்டுப் புல்வெளியில் நிருபர்களைக் கூட்டி, முக்கியமான வழக்குகள் காரணம் தெரியாமல் குறிப்பிட்ட சில அமர்வுகளுக்குப் போகின்றன என்று வெளிப்படையாகக் குறைப்பட்டார்கள். அதுவரை நீதிபதிகள் அப்படிப் பேசி யாரும் பார்த்ததில்லை. அடுத்த மாதமே, எந்த வகை வழக்கு எந்த நீதிபதிக்கு என்ற பட்டியலைக் கோர்ட் முதல்முறையாக வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலையில், "ரோஸ்டரைத் தலைமை நீதிபதி தனியாகப் போடாமல் மூத்த ஐந்து நீதிபதிகள் சேர்ந்து போடவேண்டும்" என்று கேட்ட வழக்கைத் தள்ளிவிட்டார்கள். ஆக, சட்டம் இன்றைக்குத் தெளிவு: ரோஸ்டர் அவருடையது. அது சரியான ஏற்பாடா என்பதில்தான் வக்கீல்களுக்குள்ளேயே இரண்டு கட்சி.

என் கட்சி எது என்றால், ஒருவர்தான் பங்கிட வேண்டும், ஆனால் காரணம் எழுதிவைத்துப் பங்கிட வேண்டும். பங்கிடுவதில் எவ்வளவு கனம் இருக்கிறது என்பதற்குப் பணமதிப்பிழப்பு வழக்கைப் பாருங்கள். 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்றார்கள். டிசம்பரிலேயே ஐந்து நீதிபதிகள் கேட்கவேண்டிய விஷயம் என்று கோர்ட் எழுதிவிட்டது. அதன் பிறகு கேஹர், தீபக் மிஸ்ரா, கோகோய், பாப்டே, ரமணா என்று ஐந்து தலைமை நீதிபதிகள் வந்து போனார்கள். ஆறாவதாக லலித் வந்த பிறகுதான் அமர்வு உட்கார்ந்தது. தீர்ப்பு 2023 ஜனவரி 2. நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அரசு செய்தது செல்லும் என்றார்கள். செல்லாது என்று சொல்லியிருந்தாலும் அதற்குள் பழைய ஆயிரம் ரூபாய் நோட்டை வைத்து என்ன செய்திருக்க முடியும்? யாரும் யாரையும் தீர்ப்பு சொல்லாதே என்று தடுக்கவில்லை, நாள் குறிக்கவில்லை, அவ்வளவுதான். தாமதத்துக்கு உள்நோக்கம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு ஆதாரம் கிடையாது. நாள் குறிக்கும் அதிகாரமே பாதித் தீர்ப்பு என்பதற்காகச் சொல்கிறேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. நம் கடலைத் தொட்ட பெரிய உத்தரவு ஒன்றுக்குத் தலைமை நீதிபதியே தேவைப்படவில்லை. மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு அரசு தடை செய்ததை எதிர்த்து நடந்த வழக்கில், 2023 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து இடைக்கால உத்தரவு போட்டார்கள். பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள் அந்த வலையைப் பயன்படுத்தலாம் என்று. நாட்டுப்படகுக்காரர்கள் கொதித்தார்கள், சுருக்குமடிக்காரர்கள் நேரம் போதாது என்றார்கள். அந்த இரண்டு பேர் கையெழுத்துக்கும் தலைமை நீதிபதி கையெழுத்துக்கும் சட்டத்தில் ஒரே மதிப்பு. ஆகவே "தலைமை நீதிபதியே கேட்டால்தான் ஆகும்" என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் ஐவர் குழுவுக்கு அவர் தலைவர். ஐகோர்ட் நியமனத்துக்கு அவரும் மூத்தவர்கள் இரண்டு பேரும். அங்கேயும் மற்றவர்களை ஒதுக்கிவிட்டு அவர் தனியாக முடிவெடுக்க முடியாது. குடியரசுத் தலைவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைப்பவர் அவர். குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் இரண்டு இடமும் காலியானால் அந்த நாற்காலியிலும் உட்கார வேண்டியிருக்கும், 1969-இல் ஹிதாயதுல்லா ஒரு மாத காலம் அப்படி உட்கார்ந்தார். மூத்தவரே தலைமை நீதிபதி ஆவார் என்பது எழுதாத வழக்கம். 1973-இல் மூன்று பேரைத் தாண்டி ஏ.என்.ரேயையும், 1977-இல் எச்.ஆர்.கன்னாவைத் தாண்டி பெக்கையும் நியமித்தது அரசு, சட்டம் அதைத் தடுக்கவில்லை. 65 வயதில் ஓய்வு என்பதால் பதவிக்காலம் ஆளுக்கு ஆள் மாறும். ஒய்.வி.சந்திரசூட் ஏழு ஆண்டுக்கு மேல் இருந்தார், கே.என்.சிங் 17 நாள்தான். நம்ம பக்கத்து ஆள் வேண்டுமென்றால், ஈரோட்டுக்காரர் சதாசிவம் 2013-இலிருந்து 2014 வரை இருந்தார். இன்னொன்று நமக்கு முக்கியம். 130-ஆவது பிரிவின்படி, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு டெல்லிக்கு வெளியிலும் உச்ச நீதிமன்றத்தை உட்காரவைக்கும் அதிகாரம் தலைமை நீதிபதிக்கு இருக்கிறது. சட்ட ஆணையம் 2009-இல் தெற்கு உட்பட நான்கு திசையிலும் கிளை வேண்டும் என்று எழுதியது. நடக்கவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து டெல்லி போய்வரும் செலவில் ஒரு மாதம் டீசல் போடலாம் என்று கட்சிக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள், ஆனாலும் நியாயம்.

சரி, உங்கள் மனுவுக்கு வருவோம். கடிதத்தையே வழக்காக எடுத்த காலம் உண்டு, அது கட்டுக்கதை இல்லை. திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற கைதி, சக கைதிக்கு நடந்த கொடுமையைப் பற்றி நீதிபதி கிருஷ்ணய்யருக்கு எழுதிய கடிதம்தான் பெரிய வழக்கானது. ஆளைப் பார்த்துக் கடிதம் எழுதும் பழக்கம் பெருகியதும், 1983-இல் கொத்தடிமை வழக்கில் நீதிபதி பதக், "கடிதம் தனி நீதிபதி பெயருக்கு வரக்கூடாது, தலைமை நீதிபதியும் உடன் நீதிபதிகளும் சேர்ந்த கோர்ட்டுக்கு வரவேண்டும்" என்ற பொருளில் எழுதினார். 1988-இல் எந்த வகைக் கடிதத்தை எடுப்பது என்று வழிகாட்டி போட்டார்கள். கொத்தடிமை, சிறைக் கைதி, போலீஸ் கொடுமை, பெண்கள் மீதான வன்கொடுமை, குறைந்தபட்சக் கூலி மறுப்பு, சுற்றுச்சூழல் கேடு மாதிரியான விஷயங்கள் அதில் உண்டு. தனி ஆளின் சொத்துத் தகராறு, வேலைத் தகராறு, வேறு கோர்ட்டில் நடக்கும் வழக்கைச் சீக்கிரம் முடிக்கச் சொல்வது இதெல்லாம் பொதுவாக எடுக்க மாட்டார்கள். முதலில் கடிதப் பிரிவில் பிரித்துப் பார்ப்பார்கள், தேறினால்தான் நீதிபதி பார்வைக்குப் போகும். இருநூறு கையெழுத்து இருக்கிறதா, ரெண்டு கையெழுத்தா என்பது அங்கே கணக்கே இல்லை. உங்கள் மனு "படகை மீட்டுத் தாருங்கள், மதுரை வழக்கைச் சீக்கிரம் முடியுங்கள்" என்று இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். மாட்டவே மாட்டார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது, அது பார்க்கும் நீதிபதியின் மனதைப் பொறுத்தது. அனுப்புவதால் நஷ்டம் இல்லை. ஆனால் அதை நம்பிக் கையில் இருக்கும் வழக்கைக் கைவிட்டால் நஷ்டம்.

இன்னொரு சங்கடம், படகு இருக்கும் இடம். ஊர்காவற்துறை, மல்லாகம், பருத்தித்துறை, மன்னார் என்று இலங்கையில் எந்த நீதவான் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறதோ அங்கேதான் அதன் கதி. இலங்கையின் 1979-ஆம் ஆண்டு வெளிநாட்டு மீன்பிடிப் படகுச் சட்டத்தில்தான் வழக்கு, 2018-இல் அதில் அபராதத்தைப் பல மடங்கு ஏற்றினார்கள். அங்கே படகை அரசுடைமை ஆக்கினால் நம் உச்ச நீதிமன்றம் முழுவதும் கூடி உட்கார்ந்தாலும் அந்த உத்தரவை ரத்து செய்ய முடியாது. வேடிக்கை என்னவென்றால், கீழ்க் கோர்ட்டுகள் மீது அவர்கள் பிரதம நீதியரசருக்கு, அதாவது அங்கத்தத் தலைமை நீதிபதிக்கு, நம்மவரைவிட நேரடியான பிடி. நீதவான்களை நியமித்து, இடம் மாற்றும் ஆணைக்குழுவுக்கு அவர்தான் தலைவர். தமிழர்கள் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார்கள், எண்பதுகளில் சர்வானந்தா, 2015-இல் ஸ்ரீபவன். ஆனால் அவராலும் "இன்ன படகை விடு" என்று நீதவானுக்குச் சொல்ல முடியாது, மேல்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அந்தப் பதவிக்கும் அடி விழுந்ததுண்டு. 2013 ஜனவரியில் ஷிராணி பண்டாரநாயக்காவை நாடாளுமன்றக் குற்றப்பிரேரணை, அதாவது பதவிநீக்கத் தீர்மானம் வழியாக நீக்கினார்கள். ஆட்சி மாறியதும் 2015-இல் ஒரே நாள் திரும்ப உட்காரவைத்து ஓய்வு கொடுத்தார்கள்.

நம் கோர்ட் செய்யக்கூடியது, மத்திய அரசைப் பார்த்து "இவர்கள் மனுவைப் பரிசீலித்துத் தூதரகம் வழியாக நடவடிக்கை எடு" என்று சொல்வது. இன்னொரு நாட்டோடு என்ன பேசுவது என்பது அரசின் வேலை என்று நீதிபதிகள் ஒதுங்கிக்கொள்வதுதான் வழக்கம். மதுரையில் நான் பார்த்தவரை இப்படிப்பட்ட மனுக்கள் பெரும்பாலும் "மனுவைப் பரிசீலிக்கவும்" என்ற வரியோடு முடியும். சின்ன வரிதான், ஆனால் அதை வைத்து அதிகாரிகளைத் துரத்தலாம். தயவுசெய்து கச்சத்தீவை இதில் சேர்க்காதீர்கள். இலங்கையோடு போட்ட 1974, 1976 ஒப்பந்தங்கள் செல்லுமா என்பது தனி வழக்கு, அதை இழுத்தால் உங்கள் படகு அதன் பின்னால் வரிசையில் நிற்கும்.

வாய்தா ஏன் என்றால், மதுரைக் கிளையில் நீதிபதிகளின் பொறுப்பு சில மாதத்துக்கு ஒருமுறை மாறும். சென்னையிலிருக்கும் ஐகோர்ட் தலைமை நீதிபதி அந்தப் பட்டியலைப் போடுகிறார். பாதி கேட்ட நீதிபதி போய்விட்டால் புதியவரிடம் முதலிலிருந்து சொல்லவேண்டும். இதற்கு டெல்லி தேவையில்லை. உங்கள் வக்கீலிடம், அந்த வகை வழக்கு இப்போது எந்த அமர்வில் இருக்கிறது என்று பார்த்து, அவசரம் என்று அங்கே மென்ஷன் பண்ணச் சொல்லுங்கள், அதாவது நீதிபதியிடம் வாய்மொழியாகச் சொல்லி நாள் கேட்பது. படகு அங்கே மழையிலும் வெயிலிலும் கிடந்து பலகை இற்றுப்போகிறது என்பதற்குப் புகைப்படம் இருந்தால் மனுவோடு சேர்க்கச் சொல்லுங்கள், அவசரம் என்ற வார்த்தையைவிட அது பேசும்.

அதே சமயம் இலங்கைப் பக்கம் ஒரு வக்கீல் கட்டாயம் வேண்டும். உரிமையாளர் நேரில் ஆஜராகி, படகு தன்னுடையது என்று காட்டச் சொல்வார்கள். பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், அன்றைய டோக்கன், டீசல் பாஸ்புக் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். படகை விற்றுப் பெயர் மாற்றாமல் ஓட்டுபவர்கள் நம் ஊரில் அதிகம், சிக்குவது அங்கேதான். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, மீன்துறை உதவி இயக்குநர் வழியாக அவர்களுக்கு எழுத வையுங்கள். இங்கே வக்கீல் செலவு முடியாது என்றால், ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் உண்டு, படகு அத்தை பெயரில் இருந்தால் அவரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.